நூலகச் சாவி யார் கையில்?

மதுரையில் இரண்டு வகை நூலகங்கள் இருக்கின்றன. ஒன்று, புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலை 15 அன்று, காமராசர் பிறந்த நாளில் திறக்கப்பட்டது. சுமார் 215 கோடி ரூபாய்ச் செலவு, 2 லட்சத்து 13 ஆயிரம் சதுர அடிப் பரப்பு, குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு. தென்மாவட்டங்களில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்கு அது பெரிய துணை. இன்னொரு வகை நூலகத்துக்குத் திறப்பு விழா நடப்பதில்லை. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், தலைமையாசிரியர் நாற்காலிக்குப் பின்னால், பழைய வினாத்தாள் கட்டுகளுக்குப் பக்கத்தில் நிற்கிற ஸ்டீல் பீரோதான் அது. உள்ளே கதைப் புத்தகங்கள். வெளியே பூட்டு.

இந்தக் கட்டுரை அந்தப் பூட்டைப் பற்றியது.

நீட், இடஒதுக்கீடு, உயர்கல்வி நிறுவனங்களில் சாதிக் கொடுமை என்று நாம் நிறையப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் ஆறு வயதுக் குழந்தையின் கையில் ஒரு கதைப் புத்தகம் இருக்கிறதா என்பதை அரசியல் கேள்வியாக நாம் எடுப்பதில்லை. அதை ஆசிரியர்களும் தொண்டு நிறுவனங்களும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டோம். கடந்த சில ஆண்டுகளாக நண்பர்களோடு சேர்ந்து மதுரையைச் சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளுக்கும், சேரிகளில் நடக்கும் மாலை வகுப்புகளுக்கும் கதை வாசிக்கப் போய்வருகிறேன். மேலூர்ப் பக்கம், உசிலம்பட்டிப் பக்கம், நகருக்குள் வைகைக் கரையோரக் குடியிருப்புகள் என்று பல இடங்கள். அங்கே பார்த்ததை வைத்து ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்பது சாதி ஒழிப்பின் கேள்வி.

புத்தகம் வந்து சேர்ந்துவிட்டது

புத்தகமே இல்லை என்ற காலம் பெருமளவு போய்விட்டது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் செய்தித்தாளும் இதழ்களும் கதைப் புத்தகம் உள்ளிட்ட நூல்களும் இருக்க வேண்டும் என்கிறது. தொடக்கப் பள்ளிக்கும் இது பொருந்தும். செயல்வழிக் கற்றல் காலத்திலேயே 'புத்தகப் பூங்கொத்து' என்ற பெயரில் வகுப்பறை நூலகங்கள் வந்தன. 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், ஒன்று முதல் மூன்று வரையான வகுப்புகளில் வாசிப்புக்கென ஒரு மூலையைக் கொண்டுவந்தது. நான்கு, ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்காக 'ஊஞ்சல்' இதழ் வந்தது. 2023-ல் பள்ளிக் கல்வித் துறை 'வாசிப்பு இயக்கம்' தொடங்கி, சிறுசிறு புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் அச்சிட்டு அனுப்பியது.

இவை எல்லாம் நல்ல முயற்சிகள். குறிப்பாக வாசிப்பு இயக்கத்தின் படிநிலைகள் எனக்குப் பிடித்தவை. ஒரு பக்கத்தில் ஒரு வரி, பெரிய படம், பழகிய சொற்கள். புத்தகம் முடிந்ததும் குழந்தை நிமிர்ந்து பார்க்கிறது. "முழுசா படிச்சிட்டேன்" என்று சொல்லும்போது அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் தலைமுறையாகப் படிக்கிற குழந்தைக்கு ஒரு புத்தகத்தை முடிப்பது எவ்வளவு பெரிய சங்கதி என்று.

ஆனால் பல பள்ளிகளில் இந்தப் புத்தகங்கள் வந்த கட்டுப் பிரியாமலே இருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் கயிறு கட்டி, துணி காயப்போடுவதுபோலப் புத்தகங்களைத் தொங்கவிடுகிறார்கள். அதிகாரி போனதும் இறக்கி உள்ளே வைத்துவிடுகிறார்கள். குழந்தைகள் அண்ணாந்து பார்த்ததோடு சரி.

பூட்டு ஏன் விழுகிறது?

இதற்கு ஆசிரியர்களை மட்டும் குறைசொல்லிவிட்டுப் போவது எளிது. அது உண்மைக்குப் பாதி தூரம்தான் போகும். ஒரு தலைமையாசிரியர் என்னிடம் இருப்புப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். வந்த புத்தகம் ஒவ்வொன்றும் அதில் ஏறியிருக்கிறது. தணிக்கை வரும்போது அத்தனையும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். "கிழிஞ்சா யார் சார் கட்டுவா?" என்று கேட்டார். அவர் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். தொடக்கப் பள்ளிக்கு நூலகர் பணியிடம் கிடையாது. அந்த நிலையில் பூட்டுதான் பாதுகாப்பான முடிவு. புத்தகம் படிக்கப்பட்டதா என்று யாரும் கணக்குக் கேட்பதில்லை. இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறார்கள். கேட்கப்படும் கேள்விக்குத்தானே பதில் தயாராக இருக்கும்?

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு ஏற்கெனவே சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஒன்றிய அரசின் பொது நிதி விதிகள் 2017-ல் 215ஆம் விதியைப் பாருங்கள். வாசகர்களுக்கு வழங்கப்பட்டு அல்லது படிக்கப்பட்டு வரும் ஒவ்வொரு 1,000 நூலுக்கும் ஆண்டுக்கு 5 நூல்கள் தொலைவதை இயல்பான இழப்பாக ஏற்கலாம் என்கிறது அது. நேர்மையின்மையோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. டெல்லியில் உயரதிகாரிகளும் ஆய்வாளர்களும் புழங்கும் நூலகத்தில் புத்தகம் தொலையும் என்று அரசு ஒப்புக்கொள்கிறது. படித்த பெரியவர்களுக்கே இந்தச் சலுகை என்றால், எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பும் ஏழு வயதுக் குழந்தைக்கு அதைவிடப் பத்து மடங்கு தர வேண்டாமா? தொடக்கப் பள்ளிக்கென்று அப்படி ஒரு தாராளமான விதியை எழுதித் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை போட்டால் போதும். பாதிப் பூட்டுகள் அன்றைக்கே திறந்துவிடும்.

மீதிப் பாதிக்குக் காரணம் பதிவேட்டில் இல்லை. "இந்தப் பிள்ளைங்க கையில குடுத்தா அழுக்காக்கிரும்", "வீட்டுக்குக் குடுத்து விட்டா அடுப்பெரிக்கப் போயிரும்" என்று சொல்கிற குரலில் இருக்கிறது. யார் அந்த 'இந்தப் பிள்ளைகள்'? மதுரைச் சுற்றுவட்டாரத்தில் பல ஊர்களில், வசதி வந்த சாதிகள் தங்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றி அனுப்பிவிட்டன. ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் தலித் குழந்தைகளும், கூலி வேலைக்குப் போகும் பிற சாதிகளின் குழந்தைகளும்தான். அந்தக் கைகள் பட்டால் புத்தகம் கெடும் என்ற நினைப்பு எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும்.

அம்பேத்கர் தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். வகுப்பறையில் அவர் உட்காரத் தனியாக ஒரு சாக்குத் துண்டு. பள்ளியைப் பெருக்கும் வேலையாள் அதைத் தொட மாட்டார் என்பதால், மாலையில் அதை அவரே வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் திரும்பக் கொண்டுவர வேண்டும். பள்ளியில் அவர் தொட்ட பொருள் பிறர் தொடக் கூடாததாக இருந்தது. இன்று சாக்குத் துண்டு இல்லை. எல்லாக் குழந்தைகளும் ஒரே தரையில்தான் உட்காருகிறார்கள். ஆனால் பள்ளிக்குள் இருக்கும் மிகச் சிறந்த பொருளை அந்தக் குழந்தை தொடக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்றால், தீண்டாமையின் கணக்கு இன்னும் முடியவில்லை என்றுதான் பொருள்.

பாமாவின் 'கருக்கு' 1992-ல் வந்தது. அதில் அண்ணன், பக்கத்து ஊர் நூலகத்துக்குப் போய்த் திரும்பும்போது அவருடைய தெருவைக் கேட்டுச் சாதியைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார் ஒருவர். அதே அண்ணன் நூலகப் பதிவேட்டில் கையெழுத்தோடு எம்.ஏ. என்று சேர்த்துப் போட்டதும், அங்கிருந்த உதவியாளர் உட்கார ஸ்டூல் கொண்டுவருகிறார், சார் போட்டுப் பேசுகிறார். நம் ஊர் நூலகத்தில் ஒரு தலித் இளைஞர் உட்கார ஒரு ஸ்டூல் கிடைக்க எம்.ஏ. பட்டம் வேண்டியிருந்தது. ஒன்றாம் வகுப்புக் குழந்தை எந்தப் பட்டத்தைப் போட்டுக் காட்டும்?

பாடநூல் மட்டும் போதாது

சரி, கதைப் புத்தகம் படிக்காவிட்டால் என்ன கெட்டுவிடும், பாடநூல்தான் இலவசமாகக் கொடுக்கிறார்களே என்று கேட்கலாம். ஒரு மூன்றாம் வகுப்பில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பையன் தமிழ்ப் பாடத்தின் ஒரு பக்கத்தை ஏற்ற இறக்கத்தோடு கடகடவென்று படித்தான். அதே பக்கத்தில் இருந்த ஒரு சொல்லைச் சிலேட்டில் தனியாக எழுதிக் காட்டினேன். அவனால் படிக்க முடியவில்லை. அவன் படித்தது எழுத்தை அல்ல. வகுப்பே சேர்ந்து நாள்தோறும் சொன்ன பாட்டை அவன் நினைவிலிருந்து ஒப்பித்தான். ஒரு பருவம் முழுக்க ஒரே மெல்லிய புத்தகத்தையே புரட்டினால் இதுதான் நடக்கும்.

வாசிப்பு எப்படி வருகிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிக்கும் குழந்தை வாக்கியத்தின் கடைசிக்கு வரும்போது தொடக்கத்தை மறந்துவிடுகிறது. முழுக் கவனமும் எழுத்திலேயே செலவாகிவிடுவதால் பொருள் புரிய மிச்சம் இருப்பதில்லை. சொல்லைப் பார்த்ததும் வாய் சொல்லும் நிலை வந்தால்தான் மனம் கதைக்குப் போகும். அந்த நிலை வர, எளிதான, புதிது புதிதான பக்கங்களை நிறையப் படிக்க வேண்டும். மனப்பாடமாகிவிட்ட பக்கம் அதற்கு உதவாது. கடினமான பக்கமும் உதவாது. குழந்தை தானே எடுத்த, தன்னால் முடிக்கக்கூடிய சின்னப் புத்தகம்தான் உதவும். அப்படி ஒன்றல்ல, ஐம்பது நூறு வேண்டும். நூலகம் பாடத்துக்குத் துணை என்று சொல்வதே குறைவான பேச்சு. படிக்கக் கற்றுக்கொள்ளும் வேலையில் பெரும்பகுதி நடப்பதே அங்கேதான்.

தமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது இன்னொரு தமிழ். வீட்டில் செய்தித்தாளும் வார இதழும் புழங்கும் குழந்தைக்கு 'சென்றனர்', 'கூறினார்' போன்ற சொற்கள் பள்ளிக்கு வருமுன்பே காதில் விழுந்திருக்கும். "அவுக அங்கிட்டுப் போயிட்டாக" என்று பேசும் வீட்டிலிருந்து வரும் குழந்தைக்கு எழுத்துத் தமிழ் பாதி அந்நிய மொழி. வகுப்பில் அது வாயைத் திறந்தால் "ஒழுங்காப் பேசு" என்று அதட்டல் விழுகிறது. எந்தத் தமிழ் ஒழுங்கு, எது கொச்சை என்று வகுத்ததில் சாதிக்கு இருக்கும் பங்கை இங்கே விளக்க வேண்டியதில்லை. நல்ல சிறுவர் கதை இந்த இரண்டு தமிழுக்கும் நடுவே பாலம் போடுகிறது. கதை எழுத்துத் தமிழில் நகர்கிறது, பாட்டியும் பேத்தியும் பேச்சுத் தமிழில் பேசிக்கொள்கிறார்கள். தன் வீட்டுச் சொல் அச்சில் இருப்பதைக் கண்ட குழந்தை எழுத்துத் தமிழையும் பயமில்லாமல் நெருங்குகிறது. திருத்தல் சாதிக்காததை ஒரு கதை சாதித்துவிடுகிறது.

"முதலில் எழுத்துகளை ஒழுங்காகக் கற்கட்டும், நூலகமெல்லாம் பிறகு" என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். நீந்தத் தெரிந்த பிறகு கிணற்றில் இறங்கலாம் என்பது போன்ற பேச்சு இது. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைகூடப் படம் பார்த்துக் கதை சொல்லும். வலமா இடமா, எங்கே தொடங்குவது, பக்கத்தை எப்படித் திருப்புவது என்று கற்றுக்கொள்ளும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து விரல் வைத்து வாசித்துக் காட்டினால், வாயில் வரும் ஒலியும் தாளில் இருக்கும் கோடும் ஒன்று என்பது பிடிபடும். வசதியான வீட்டுக் குழந்தைகளுக்கு அம்மா மடியில் மூன்று வயதில் கிடைப்பது இது. நம் குழந்தைகளுக்கு ஐந்து வயதில் பள்ளியில்தான் கிடைக்க முடியும்.

வீட்டில் புத்தக அலமாரி இருப்பதும் ஒரு வகைச் சொத்துதான். நிலத்தைப் போல அதுவும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது. நிலமும் கல்வியும் மறுக்கப்பட்டவர்களின் வீட்டில் அந்த அலமாரி இல்லாதது தற்செயல் அல்ல. அதனால்தான் நம் முன்னோடிகள் சேரிதோறும் இரவுப் பள்ளி தொடங்கினார்கள், அம்பேத்கர் பெயரில் படிப்பகம் வைத்தார்கள். கூரைக் கொட்டகையில் ஒரு பெஞ்சும் நாலு செய்தித்தாளும்தான் இருந்தன. வீட்டில் இல்லாத அலமாரியை ஊர் கூடி உண்டாக்கினார்கள். அம்பேத்கருக்கும் ஓர் ஆசிரியர் அப்படி ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தார். பள்ளித் தேர்வில் தேறியதற்காக நடந்த பாராட்டுக் கூட்டத்தில், கிருஷ்ணாஜி கேலுஸ்கர் தான் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்தார். புத்தரிடம் தன்னைக் கொண்டுசேர்த்தது அந்தப் புத்தகம் என்று பல பத்தாண்டுகள் கழித்து, வாழ்வின் கடைசிக் காலத்தில் அம்பேத்கர் நினைவுகூர்ந்தார். கேலுஸ்கர் அதை ஒரு பீரோவில் பத்திரமாக வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

யாருடைய கதை?

பூட்டைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. உள்ளே என்ன புத்தகம் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். நான் புரட்டிய பல படக்கதைகளில் குழந்தைக்குச் சிவந்த கன்னம். அப்பா அலுவலகம் போகிறார். வீட்டில் தனியாக ஒரு படிக்கும் அறை. சாப்பாட்டில் முட்டைகூடக் கிடையாது, கறி மீன் பேச்சே இல்லை. உழைப்பாளி வந்தால் பரிதாபத்துக்குரியவராக வருகிறார், அல்லது நேர்மையாக இருந்து பணக்காரரிடம் பரிசு வாங்குகிறார். செங்கல் சூளையில் அம்மா வேலை செய்கிற குழந்தை, பறை அடிக்கிற தாத்தா இருக்கிற குழந்தை, தூய்மைப் பணிக்கு விடியலில் கிளம்பும் பெற்றோரின் குழந்தை, இவர்கள் கதையின் நாயகராக வரும் புத்தகத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

இது முடியாத காரியம் இல்லை. ஐதராபாத்தைச் சேர்ந்த அன்வேஷி ஆய்வு மையம் 2008 வாக்கில் 'டிஃபரன்ட் டேல்ஸ்' என்ற வரிசையைத் தெலுங்கிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் கொண்டுவந்தது. தலித், முஸ்லிம், உழைக்கும் குடும்பங்களின் குழந்தைகள் தங்கள் தெரு, தங்கள் சாப்பாடு, தங்கள் குறும்போடு அந்தக் கதைகளில் வந்தார்கள். தமிழில் தலித் இலக்கியம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வலுவாக நிற்கிறது. அந்த எழுத்தாளர்களில் எத்தனை பேரிடம் எட்டு வயதுக் குழந்தைக்காகப் பதினாறு பக்கம் எழுதித் தாருங்கள் என்று அரசும் பதிப்பகங்களும் கேட்டிருக்கின்றன? நாம்தான் கேட்டிருக்கிறோமா?

மதுரைக்குப் பக்கத்தில் கீழடியில் பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. கீழடியின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை போகிறது என்று மாநிலத் தொல்லியல் துறை 2019-ல் அறிவித்தபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். அன்றே எளிய மக்களிடம் எழுத்து இருந்தது என்று மேடைதோறும் பேசினோம். அந்தப் பெருமை உண்மையாக வேண்டும் என்றால், கீழடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற பள்ளிக் குழந்தை இன்று தன் பெயரைத் தானே எழுதி ஒரு புத்தகத்தை வீட்டுக்கு வாங்கிப்போக முடிய வேண்டும்.

எல்லோரும் போகக்கூடிய ஒரே இடம்

பெரிய நூலகம் இருக்கிறதே என்று சொல்லலாம். உசிலம்பட்டியிலிருந்து மதுரை சுமார் 40 கிலோமீட்டர். பேரையூர் இன்னும் தொலைவு. கூலிக்குப் போகும் எந்தத் தாய் மூன்றாம் வகுப்புப் பிள்ளையை வாரம் ஒருமுறை பேருந்து ஏற்றிக் கூட்டிவர முடியும்? ஊராட்சிதோறும் நூலகம் என்று அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 2006-க்குப் பின் கட்டிடங்கள் எழும்பின. பல ஊர்களில் அவை பூட்டிக் கிடக்கின்றன. திறந்திருந்தாலும் அது எந்தத் தெருவில் இருக்கிறது என்ற கேள்வி வரும். இதே மாவட்டத்தின் உத்தப்புரத்தில் தலித் மக்களைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டு வழி திறந்தது 2008 மே 6 அன்றுதான். கண்ணுக்குத் தெரிகிற சுவர் அது. தெரியாத சுவர்கள் உள்ள ஊரில், சேரிக் குழந்தை ஊர்த் தெருவுக்குள் போய் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

பள்ளி மட்டும்தான் எல்லாக் குழந்தைகளும் உரிமையோடு உள்ளே வருகிற இடம். அங்கேயும் சாதி வருகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அறிக்கை, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளத்தை நீக்கவும், மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்கவும் பரிந்துரைத்தது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் தனித்தனியாக இயங்கும் மதுரை வட்டாரத்துக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. ஆனால் எட்டாம் வகுப்பில் அரிவாளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தாமதம். ஒரே பாயில் இரண்டு சாதிக் குழந்தைகள் தலையை ஒட்டிக்கொண்டு ஒரு படக்கதையைப் பார்த்துச் சிரிப்பது ஆறு வயதில் நடக்க வேண்டும். இது மட்டுமே சாதியை ஒழித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பிரித்து வைக்கிற ஏற்பாடுகள் நூறு இருக்கும் ஊரில், சேர்த்து வைக்கிற ஏற்பாடு ஒன்றாவது வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. படிநிலைகள் குழந்தைக்கு உதவத்தான். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் ஆகட்டும், வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட ஆகட்டும், அவை குழந்தையின் மேல் ஒட்டும் பெயராக மாறிவிடக் கூடாது. "நீ அரும்புதானடா" என்று குழந்தைகளே ஒருவரை ஒருவர் கேலி செய்வதைக் கேட்டிருக்கிறேன். மேல் கீழ் பார்க்கப் பழகிய சமூகத்தில் எந்த ஏணியும் படிநிலைச் சாதியாகிவிடும். எந்தக் குழந்தையும் எந்தப் படிநிலைப் புத்தகத்தையும் கேள்வியின்றி எடுக்கலாம் என்ற சுதந்திரம்தான் அதற்கு மருந்து.

பணம் எங்கே?

சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு நூலகத்துக்கென ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை விதிமுறை இருக்கிறது. பெரிய தொகை இல்லை. சிறுவர் புத்தக விலையில் நூறு புத்தகம் வரலாம். அந்தத் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை, தேசியக் கல்விக் கொள்கையை ஏற்று பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்குத் தராமல் நிறுத்தியது. கொள்கைச் சண்டையில் பிணையாக வைக்கப்பட்டது ஏழைக் குழந்தையின் கதைப் புத்தகமும்தான். இதை நாம் கண்டித்தாக வேண்டும்.

அதே மூச்சில் மாநில அரசிடமும் கேட்க வேண்டும். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி நம் ஊரில் சொத்து வரியோடு 10 விழுக்காடு நூலக வரி வசூலாகிறது. வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகை வழியாக அதில் பங்கு கட்டுகிறார். அந்தப் பணத்தால் இயங்கும் பொது நூலகங்கள், தங்கள் பகுதித் தொடக்கப் பள்ளிகளுக்கு மாதம் ஒருமுறை ஒரு பெட்டிப் புத்தகத்தைச் சுழற்சியில் அனுப்பினால் என்ன தடை?

முடியாது என்று சொல்ல மதுரையில் யாருக்கும் வாய் வராது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது இதே நகரத்தின் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான். முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள், 1 லட்சத்து 14 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு பள்ளி நாளும் சூடான உணவு போய்ச் சேர வேண்டும் என்று அரசு நினைத்தது, சேர்த்தது. சிந்திவிடுவார்கள் என்று சொல்லி யாரும் சோற்றைப் பூட்டி வைக்கவில்லை. புத்தகத்துக்கும் அதே அக்கறை வேண்டும் என்கிறேன்.

நாம் என்ன செய்வது?

கோரிக்கைகள் எளியவை. வாரத்துக்குக் குறைந்தது இரண்டு நூலகப் பாடவேளை, அதை வேறு பாடம் விழுங்கக் கூடாது. ஒவ்வொரு குழந்தையும் வாரம் ஒரு புத்தகமாவது வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். கிழிந்ததும் தொலைந்ததும் ஆசிரியர் தலையில் விடியாதபடி அரசாணை வேண்டும். நாலைந்து தொடக்கப் பள்ளிகளுக்கு ஒருவராவது நூலகப் பணிக்கென்று, முறையான ஊதியத்தோடு வேண்டும். அந்த வேலை உள்ளூர்ப் படித்த தலித் பெண்களுக்குக் கிடைத்தால் குழந்தைகள் கூடுதலாக ஒன்றைக் கற்பார்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரி இருப்புப் பதிவேட்டுக்கு முன் வழங்கல் பதிவேட்டைக் கேட்க வேண்டும்.

இவற்றை மேலே இருந்து யாரோ தருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதி பெண்கள் இருக்க வேண்டும், ஒடுக்கப்பட்ட சமூகப் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் வேண்டும். உங்கள் அக்காவோ சித்தியோ அந்தக் குழுவில் இருக்கலாம். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வரும் அவர்களோடு அடுத்த கூட்டத்துக்கு முன்பு உட்கார்ந்து பேசுங்கள். போன மாதம் எத்தனை புத்தகம் வீட்டுக்குப் போனது, நூலகப் பாடவேளை எந்தக் கிழமை, சாவி யாரிடம் இருக்கிறது என்று மூன்று கேள்விகளை அவர்கள் அங்கே கேட்கட்டும்.

நீங்களும் அந்தப் பள்ளியில் படித்தவராக இருப்பீர்கள். வாரம் ஒரு மணி நேரம் போய் வாசித்துக் காட்டத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேளுங்கள். ஆசிரியரை எதிரியாக்கிவிட்டு எந்தப் பூட்டையும் திறக்க முடியாது. பதிவேட்டைப் பராமரிக்க உதவுங்கள், கிழிந்த புத்தகத்தை ஒட்டிக் கொடுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரை மாதம் ஒருவர் மாற்றி நூலகப் பொறுப்பாளர்களாக்கச் சொல்லுங்கள். பெருக்குவதற்கு மட்டும் சில பிள்ளைகளையும் சாவிக்கு வேறு சில பிள்ளைகளையும் தேர்ந்தெடுக்கும் வழக்கம் எங்காவது இருந்தால், அதை அங்கேயே நிறுத்துங்கள்.

இந்த மாதமே தொடங்கலாம். உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போய் அந்தப் பீரோவை ஒருமுறை திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்கும்போது குழந்தைகளும் பக்கத்தில் இருக்கட்டும்.